சுவருக்குச் சுண்ணாம்பு இல்லை

மட்டாஞ்சேரியில் குண்டு விழுந்தால் சர்க்கார் வந்து சேர மாசக்கணக்காகும். மந்திரி வருகிறார் என்றால் மட்டும் காலைச் சாயா ஆறுவதற்குள் ஆள் வந்துவிடும். அன்றைக்கு வந்தவர் முனிசிபாலிட்டி ஓவர்சியர் வர்க்கி. சுக்கு பதப்படுத்தி மூட்டை கட்டும் கிட்டங்கியின் வாசலில் நின்று தலையை மட்டும் உள்ளே நீட்டி, இரண்டு மூட்டை சுண்ணாம்பு வேண்டும் என்றார்.

கிட்டங்கியில் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. தோல் சீவிய இஞ்சியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி, வெயிலில் காயவைத்து, சொரசொரப்பான சாக்கால் தேய்த்தெடுத்தால்தான் சுக்கு வெள்ளை வெளேரென்று கப்பலேறும். தேய்ப்பதற்குப் பத்து இருபது பெண்கள் இருந்தார்கள். தொட்டியில் சுண்ணாம்பு கலக்குவது சுல்ஃபத்தின் வேலை. முழங்கை வரைக்கும் வெளுத்த கையோடு அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுக்கு?"

"புறத்துச் சுவரு வெள்ளையடிக்கணும் உம்மா. புது மார்க்கெட் திறக்க மந்திரி வருந்நு. சாயங்காலம் போட் ஜெட்டியில எறங்கி இந்த வழியாத்தான் நடந்து போகும். கறுப்பாயிட்டு கிடக்குந்நது மோசமல்லே? சேட்டு சம்மதிச்சாச்சு."

சேட்டு கிட்டங்கியின் முதலாளி. அவர் சம்மதித்திருப்பார். அந்தச் சுவரடியில் செத்தது அவர் வீட்டு ஆள் இல்லையே.

செத்தது சுல்ஃபத்தின் புருஷன் பரீத். அந்தச் சுவரை ஒட்டித்தான் அவன் சாயாக்கடை இருந்தது. ஒரு பெஞ்சு, ஒரு சமோவர், கண்ணாடிக் குப்பியில் நெய்யப்பம், அவ்வளவுதான் கடை. போன வருஷம் ஊரில் மூன்று இடத்தில் குண்டெறிந்தார்கள். முதலில் படகுத்துறையில். அப்புறம் அரிசிக் கடைத்தெருவில். ஒவ்வொரு தடவையும் பெரியவர்கள் காரில் வந்து வருத்தப்பட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாவது பரீத்தின் கடையில் விழுந்தது. எறிந்தவன் யார், எந்தக் கூட்டம், என்ன கோபம் என்று ஊருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் தெரிந்துகொள்ள முயற்சி செய்யவுமில்லை.

பரீத் மௌத்தான மூன்றாம் நாள் சப்-இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். புருஷனை இழந்தவள் நாலு மாசம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வெள்ளை உடுத்தி, வாசல் தாண்டாமல், அந்நிய ஆண் முகம் பார்க்காமல். அதனால் சுல்ஃபத் திரைக்குப் பின்னால் நின்றாள். அவர் திரையைப் பார்த்துப் பேசினார்.

"விஷமிக்கண்ட, வருத்தப்படாதீங்க. நீங்க இத்தா கழிஞ்சு வெளிய வரும்போ, ஆள் உள்ள இருப்பான். இது சர்க்காரோட வாக்கு."

சுல்ஃபத் அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறு எதைப் பிடித்துக்கொள்வாள்? மழை வந்து போனது. பெருநாள் வந்து போனது. தவணை முடிந்து குளித்து வெளியே வந்தவள் நேரே ஸ்டேஷனுக்குத்தான் போனாள். அன்வேஷணம், அதாவது விசாரணை, நடக்கிறது என்றார்கள். அடுத்த வாரம் போனாள். நடக்கிறது என்றார்கள். அடுத்த மாசம் போனபோது அந்த சப்-இன்ஸ்பெக்டர் ஆலுவாவுக்கு மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர், "எந்தக் குண்டு?" என்று கேட்டார்.

கேட்காமல் என்ன செய்வார்? சமோவரையும் பெஞ்சையும் முனிசிபாலிட்டிக்காரர்கள் குண்டு விழுந்த மறுநாளே குப்பை வண்டியில் அள்ளிப்போட்டிருந்தார்கள். ரோட்டுக் கறையை மழை கழுவிவிட்டது. மிச்சமிருந்தது சுவரில் ஆளுயரத்துக்கு மேலேயும் படிந்த கரி மட்டும். மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது சுல்ஃபத் அதன் எதிரில்தான் உட்காருவாள். அங்கே ஒருத்தன் நின்று சாயா ஆற்றினான், அவனைக் கொன்றார்கள் என்று சொல்ல ஊரில் அது ஒன்றுதான் இருந்தது. இப்போது அதற்கும் சுண்ணாம்பு கேட்டு வந்து நிற்கிறார்கள், அதுவும் அவளிடமே.

"சுக்குக்குத்தான் சுண்ணாம்பு. சுவத்துக்கு இல்ல," என்றாள்.

"உம்மா, சேட்டு பறஞ்சதாணு."

"சேட்டு வந்து அள்ளித் தரட்டும். நான் தரமாட்டேன்."

வர்க்கி கெட்டவர் இல்லை. மேலே இருப்பவன் கீழே பார்த்துக் கத்தினால், கீழே பார்த்துக் கத்துவார், அவ்வளவுதான். அன்று கத்தக்கூட இல்லை. வேறு இடத்தில் சுண்ணாம்பு வாங்கி, மதுரைப் பக்கத்திலிருந்து வந்து எர்ணாகுளத்தில் வெள்ளையடிக்கும் வீரபாண்டியைக் கூட்டி வந்தார். உச்சி வெயிலில் அவன் மட்டையைத் தோய்த்துச் சுவரில் இழுக்க ஆரம்பித்தான். சுல்ஃபத் வாசலுக்கு வந்து நின்றாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்கு இது கூலி வேலை அக்கா," என்றான் சுவரிடமே.

"தெரியும். அடி."

அடித்து முடித்து அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு போனான். சுவர் புதுத் துணி மாதிரி இருந்தது. வழியில் போன ஒருத்தர் நின்று பார்த்து, "நல்லாயிட்டுண்டு," என்று சொல்லிவிட்டு நடந்தார். சுல்ஃபத் சுவரைத் தொட்டுப் பார்த்தாள், ஈரம் காயவில்லை. இன்னும் ஒரு ராத்திரி விட்டால் சுண்ணாம்பு பிடித்துவிடும். அப்புறம் பரீத் என்று ஒருவன் செத்தானா என்று அவளே தேட வேண்டியிருக்கும்.

உள்ளே போனாள். சுக்குத் தேய்க்கும் சாக்கு ஒன்றை எடுத்துத் தண்ணீரில் முக்கினாள்.

பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்த சீனியம்மாள் கையைப் பிடித்தாள். "சுல்பத்தக்கா, சேட்டு சீட்டைக் கிழிச்சிருவாரு. நாளைக்கு உலைக்கு என்ன வைப்ப?"

"கப்பைக் கிழங்கு வைப்பேன். கையை விடு."

சீனியம்மாள் விட்டாள். சுல்ஃபத் தெருவில் இறங்கி, துப்பட்டியை இடுப்பில் சொருகி, ஈரச் சாக்கால் சுவரைத் தேய்த்தாள். காயாத சுண்ணாம்பு பாலாய் வழிந்தது. அதன் அடியில் கரி இருந்தது. சுவரைச் சுட்டு உள்ளே இறங்கிய கரி, அது எங்கே போகும்? ஒரு முழம் தெரிந்தது. இரண்டு முழம் தெரிந்தது. மேலே கை எட்டவில்லை. எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் தலைக்கு மேலே இன்னொரு சாக்கு விழுந்து தேய்த்தது. சீனியம்மாள் நல்ல உயரம்.

"நீ ஏன் வந்த?"

"படகுத்துறைக் குண்டுல எங்க அண்ணனுக்குக் கால் போச்சுல்ல. அதுக்கு ஒரு சுவருகூட இல்லையே," என்றாள் சீனியம்மாள்.

பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். சுக்கைத் தேய்த்துத் தேய்த்து மரத்துப்போன கைகள். சுவரெல்லாம் அந்தக் கைகளுக்கு ஒரு வேலையா? அரை மணி நேரத்தில் கரி முழுசாக வெளியே வந்தது. கழுவிவிட்டதில் முன்னைவிடப் பளிச்சென்று கறுத்திருந்தது.

வர்க்கி ஓடி வந்தார். பின்னாலேயே புது சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்தார். சர்க்கார் வேலையைக் கெடுத்ததற்குப் பிடித்து உள்ளே போடுவேன் என்றார்.

"போடுங்க," என்றாள் சுல்ஃபத். "இந்தச் சுவத்துக்காக ஒருத்தரையாவது உள்ள போட்ட பேரு வரட்டும் உங்களுக்கு."

அதற்குள் போட் ஜெட்டிப் பக்கம் செண்டை கேட்டது. இருபது பெண்களை இழுத்துக்கொண்டு போக நேரமில்லை. போலீஸ்காரர்கள் சுவரை மறைத்து வரிசையாக நின்று பார்த்தார்கள். மூன்று பேர் அகலத்துக்கு மேல் மறைக்க முடியவில்லை.

மந்திரி மாலையோடு நடந்து வந்தார். தெருவில் சுண்ணாம்புத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து வேட்டியைத் தூக்கிப் பிடித்தார். பிறகு பெண்களைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"எந்தாணு இது?"

"வெள்ளையடி நடந்நுகொண்டிரிக்குந்நு சார்," என்றார் வர்க்கி.

சுல்ஃபத் போலீஸ்காரர்களுக்கு நடுவே வந்து நின்றாள். மலையாளம் அவளுக்கு நன்றாகவே வரும். அன்று வாயில் வந்தது பிறந்த வீட்டுத் தமிழ்தான்.

"இங்க குண்டு போட்டு எங்க ஊட்டுக்காரவுகளைக் கொன்னாங்க. நான் வெளிய வர்றதுக்குள்ள ஆளைப் பிடிக்கிறதா சர்க்கார் வாக்குக் கொடுத்துச்சு. புருஷன் செத்தா பொஞ்சாதிதான் இத்தா இருக்கணும். நான் இருந்து முடிச்சு வெளிய வந்துட்டேன். சர்க்கார் எந்தப் புருஷன் செத்துப்போய் இன்னும் உள்ளயே உக்காந்திருக்கு?"

செண்டைக்காரன் கையை நிறுத்திவிட்டான். கூட்டத்தில் யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். மந்திரியின் முகம் சிவந்தது. ஒரு நிமிஷம் அந்தச் சுவரையே பார்த்தார். "ஃபைல் நான் பார்க்கிறேன்," என்றார். பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே சுண்ணாம்பைத் தாண்டி நடந்தார்.

பார்ப்பாரா, மாட்டாரா என்று சுல்ஃபத் யோசிக்கவில்லை. அப்படி யோசித்து ஏற்கெனவே ஒரு மழைக்காலத்தைத் தொலைத்தாயிற்று.

சேட்டு சீட்டைக் கிழிக்கவில்லை. தேய்க்கிறவர்கள் எல்லோரையும் அனுப்பிவிட்டால் கப்பலுக்குச் சுக்கு போகாது என்று அவருக்குக் கணக்குத் தெரியும். மறுநாள் காலையில் வர்க்கி ஒரு மூட்டை சுண்ணாம்போடு வந்தபோது, பெண்கள் உள்ளே இல்லை. சுக்கைக் கூடையோடு தூக்கி வந்து சுவரடியில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி பக்கத்திலும் ஒரு ஈரச் சாக்கு மடித்து வைத்திருந்தது.

வர்க்கி மூட்டையைக் கீழே வைத்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இது எதுவரைக்கும் உம்மா?"

"ஆளைப் பிடிக்கிற வரைக்கும்."

"பிடிச்சாலோ?"

"பிடிச்ச அன்னைக்கு வாங்க," என்றாள் சுல்ஃபத், கையிலிருந்த சுக்கைத் திருப்பித் தேய்த்தபடி. "சுண்ணாம்பு நான் தர்றேன். அடிக்கிறதும் நானே அடிக்கிறேன்."