பைன் வேர்த் தண்ணீர்

“அப்போ அவரு பறக்கணும்னு ஆசைப்படுறீங்களா, அண்ணி?”

“பறக்கணும்னு யாருடி சொன்னா? திரும்பி வரணும்னு சொன்னேன். விறகைத் தள்ளு, அனல் குறையுது.”

தோகியே விறகைத் தள்ளினாள். ஆற்றங்கரையில் நின்ற அந்த இரும்புக் கொப்பரைக்குள் மூச்சு முட்ட பைன் மர வேர்கள். வேர் வெந்து கக்கிய ஆவி குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் நுழைந்து, குளிர்ந்து, மறுமுனையில் கறுப்பாகச் சொட்டியது. தெற்குக் கடலிலிருந்து ஜப்பானுக்கு எண்ணெய் கொண்டுவந்த கப்பல்களெல்லாம் போரில் மூழ்கிப் போயிருந்தன. அதனால் மலைக்கு மலை பெண்கள் வேர் தோண்டினார்கள். இருநூறு வேர் இருந்தால் ஒரு விமானம் ஒரு மணி நேரம் பறக்கும் என்று பள்ளிக்கூடச் சுவரில் பெரிதாக எழுதியிருந்தது.

குனியோ கடற்படை விமானி. அண்ணி மிசாவோவுக்குத் தம்பி, தோகியேவுக்குப் புருஷன். கடைசி விடுப்பில் வீட்டுக்கு வந்தவன், முள்ளங்கி ஊறுகாயைக் கடித்துக்கொண்டே சொன்னான்: “கியூஷு விமானத்தளத்துல எங்களுக்குப் போறதுக்குத்தான் எண்ணெய் ஊத்துறாங்க. வர்றதுக்கு ஊத்துறதில்ல.” சொல்லிவிட்டு அவனே சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு இரண்டு பெண்களும் இரண்டு பக்கம் போய்விட்டார்கள். நிறைய வடித்துக் கொடுத்தால் வருவதற்கும் சேர்த்து ஊற்றுவார்கள் என்றாள் மிசாவோ. எண்ணெயே இல்லாவிட்டால் விமானம் தரையில் நிற்கும், அவனும் தரையில் நிற்பான் என்று தோகியே நினைத்தாள். நினைத்ததை முழுசாகச் சொல்லவில்லை. சொன்னால் போலீஸ் வரும்.

குழாயில் சொட்டுவது முழுக்க எண்ணெய் இல்லை. பாதிக்கு மேல் புளித்த தண்ணீர். புகையும் காடியும் கலந்த மாதிரி நாறும், கையில் பட்டால் சோப்புக்கும் போகாது. அதைப் பக்கத்தில் வேறொரு தொட்டியில் விட்டு வைத்தால் எண்ணெய் மேலே மிதக்கும். அடியில் நிற்கும் தண்ணீரை அடைப்பைத் திறந்து வெளியே விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் பீப்பாயில் ஊற்ற வேண்டும். அது தோகியேவின் வேலை.

ஒருநாள் அவள் அடைப்பைத் திறப்பதை நிறுத்தினாள். அவ்வளவுதான் செய்தாள். தண்ணீரும் எண்ணெயுமாக அப்படியே மொண்டு ஊற்றி, மூடியை இறுக்கிவிட்டாள். இந்த எண்ணெயில் எஞ்சின் கிளம்பவே கிளம்பாது என்று அவள் கணக்கு.

பீப்பாய்கள் மளமளவென்று நிரம்பின. கிராமச் சங்கத் தலைவர் ஓகிதா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறி வந்தார்.

“மேலத்தெருவுல ஏழு பொம்பளைங்க சேர்ந்தும் இவ்வளவு வரலையே! நீங்க ரெண்டு பேரும் என்ன மந்திரம் போடுறீங்க?”

“எங்க வேரு அப்படி, ஓகிதா அண்ணே,” என்றாள் மிசாவோ. “மேலத்தெருக்காரிங்க வாயால தோண்டுறாங்க. நாங்க கையால தோண்டுறோம்.”

ஓகிதா வயிறு குலுங்கச் சிரித்து, பாராட்டுப் பரிசாக ஒரு காய்ந்த மீனைக் கொடுத்துவிட்டுப் போனார். முதல் பீப்பாய் மே மாதமே லாரியில் ஏறிப் போனது. மிசாவோ லாரிக்குப் பின்னாலேயே பாதித் தெரு ஓடிப்போய்க் குனிந்து வணங்கினாள். தோகியே அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மீனின் நடுத்துண்டு குனியோவின் தட்டுக்குப் போனது. ஊரில் இல்லாதவனுக்கும் அந்த வீட்டில் மத்தியானம் ஒரு தட்டு உண்டு. எந்த வீட்டில்தான் இல்லை? கிண்ணத்தில் சூடாகக் கஞ்சி ஊற்றி மூடிவைப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்க வேண்டும். நின்றால் போனவன் உயிரோடு இருக்கிறான். காய்ந்திருந்தால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

மூடியைத் திருப்புவது தோகியேதான். தினமும் நனைந்திருந்தது. ‘பார்த்தீங்களா, தரையிலதான் இருக்காரு’ என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

ஜூலையில் ஓகிதா மறுபடி வந்தார். சைக்கிள் இல்லை. கையில் வெள்ளைத் துணி சுற்றிய சின்னப் பெட்டி. தோகியே வாங்கியபோது உள்ளே ஏதோ உருண்டது.

“கல்லு,” என்றார் ஓகிதா, தரையைப் பார்த்தபடி. “ஒடம்பு கெடைக்கல. அதனால கல்லு வச்சிருக்காங்க.”

“சுட்டுட்டாங்களா?” மிசாவோ கேட்டாள்.

“இல்லையாம். கிளம்பின கொஞ்ச நேரத்துலயே எஞ்சின் இருமியிருக்கு. இருமி இருமி நின்னுபோச்சாம். கடல்ல விழுந்துட்டான்.”

இருமல் என்ற சொல் மட்டும் தோகியேவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு கொப்பரைக் குழாய் களுக்கென்றாலும் இருமல், பக்கத்து வீட்டில் யாராவது தொண்டையைச் செருமினாலும் இருமல்.

ஆகஸ்டில் ரேடியோவில் மன்னர் பேசினார். போர் முடிந்தது. கொப்பரை ஆற்றங்கரையிலேயே துருப்பிடித்தது. மிசாவோ மட்டும் தம்பிக்குத் தட்டு வைப்பதை நிறுத்தவில்லை.

“பெட்டி வந்துருச்சே, அண்ணி.”

“கல்லுதானடி வந்துச்சு? என் தம்பியா வந்தான்?”

மூடியைத் திருப்பும் வேலையை தோகியே மிசாவோவிடமே விட்டுவிட்டாள். நனைந்திருந்தாலும் பயம், காய்ந்திருந்தாலும் பயம்.

பனி கொட்டிய ஜனவரியில் ஓகிதா ரெண்டு பேரையும் ரயில் நிலையக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். ஊர்ப் பீப்பாய்கள் ஏற்றி அனுப்ப வண்டியில்லாமல் அங்கேயே கிடந்தன. மற்றவர்களுடையது எல்லாம் முழுசாக இருந்தது. இவர்கள் வீட்டுக் குறி போட்டவை மட்டும் வயிறு பிளந்து, பழுப்பு நிறத்தில் பனிக்கட்டியைத் தள்ளிக்கொண்டு நின்றன.

“எண்ணெய் இந்தக் குளிருக்கெல்லாம் இப்படி உறையாதேம்மா,” என்றார் ஓகிதா. போரே முடிந்த பிறகு இதை யாரிடம் போய்ச் சொல்வது?

தோகியேவுக்கு ஒரு நொடி அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில். இங்கேயே இருக்கிறது! அவள் விட்ட தண்ணீர் எதுவும் கியூஷுவுக்குப் போகவே இல்லை. அப்புறம்தான் மே மாத லாரி நினைவுக்கு வந்தது. அந்த முதல் பீப்பாய் எங்கே?

மிசாவோ குனிந்து ஒரு துண்டு ஐஸைக் கிள்ளி எடுத்து முகர்ந்தாள். தோகியேவைப் பார்த்தாள். திட்டவில்லை, அடிக்கவில்லை. “வா, மத்தியானமாச்சு. அவனுக்குத் தட்டு வைக்கணும்,” என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் கரி தீர்ந்திருந்தது. முந்தின நாள் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சில்லென்று அப்படியே கிண்ணத்தில் போட்டு மூடினாள் மிசாவோ. கை கழுவினாளா என்று தோகியே கவனிக்கவில்லை.

“இன்னைக்கு நீயே திருப்பு.”

“கிழங்கு ஆறிப்போயிருக்கு அண்ணி. ஆவியே இருக்காது.”

“திருப்புடி.”

திருப்பினாள். உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். லேசான பழுப்பு நிறம். ஒரு துளி உருண்டு அவள் விரலில் விழுந்தது. கப்பென்று ஏறியது வாசனை. புகையும் காடியும் கலந்த அதே புளித்த வாசனை.

மிசாவோ எதிரே உட்கார்ந்து, மூடியை எட்டிக்கூடப் பார்க்காமல், தன் பங்குக் கிழங்கை மென்றுகொண்டிருந்தாள்.

“நீங்களா அண்ணி?” தோகியே கேட்டாள்.

“நான் என்ன?” என்றாள் மிசாவோ. “உயிரோட இருந்தா நனையும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

தோகியே மூடியைக் கீழே வைக்கவும் முடியாமல், துடைக்கவும் துணியாமல், கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். நீங்களே சொல்லுங்கள்: கொட்டகையில் ஐஸைத் தொட்ட மிசாவோவின் விரல்தான் அந்த மூடியை நனைத்ததா, இல்லை, மே மாத லாரியில் போன தண்ணீரைக் குனியோவே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தானா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?