கரண்ட் போனால் கேட்கும் சத்தம்

மகுடேஸ்வரன் கடன் என்றால் காத தூரம் ஓடுகிற ஆள். மண்ணரைப் பகுதியில் வீடு கட்டும்போதே கைக்காசு தீர்ந்த இடத்தில் வேலையை நிறுத்தி, மறுபடி சேர்த்த பிறகுதான் பூச்சு வேலையை ஆரம்பித்தார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியானாலும் காசானாலும் அளந்துதான் கை வைப்பார். அப்பேர்ப்பட்டவர் மாடியில் சோலார் போட வேண்டும் என்று தானாகவே பேச்சை எடுத்தால் யாருக்குத்தான் நம்பத் தோன்றும்? பில் ஏறிவிட்டது என்று மகள் தேஜஸ்ரீயிடம் காரணம் சொன்னார். அது சும்மா.

கொரோனா இரண்டாம் அலையில் அவர் மனைவி அன்புசெல்விக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் இடம் கிடைக்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் ஆக்சிஜன் மெஷினை வீட்டுக்கே கொண்டுவந்து, கட்டிலை ஒட்டி மூலையில் வைத்தார். ஒரு மத்தியானம் கோடை மழைக் காற்றில் கரண்ட் போயிற்று. மெஷின் நின்று, கரண்ட் இல்லை என்று பீப் பீப் எனக் கத்த ஆரம்பித்தது. மகுடேஸ்வரன் சிலிண்டர் தேடி பைக்கில் பறந்தார். வெறுங்கையோடு திரும்பி வந்தபோது அந்த வீட்டில் மிச்சமிருந்தது அந்தச் சத்தம்தான்.

மெஷினை இன்னொரு வீட்டு நோயாளிக்காக மறுநாளே எடுத்துப் போய்விட்டார்கள். சத்தத்தை எடுத்துப் போகவில்லை. அன்றிலிருந்து எப்போது கரண்ட் போனாலும், ஃபேன் சுற்றி ஓய்ந்ததும் காலி மூலையிலிருந்து பீப் பீப் என்று கேட்கும். காதைப் பொத்தினாலும் கேட்கும். தெருவில் இறங்கிவிட்டால் கேட்காது. அதனால் கரண்ட் போனதுமே டீ குடிக்கிற சாக்கில் செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். இன்வெர்ட்டர் வாங்கிப் பார்த்தார். மின்வாரியம் பராமரிப்புக்காக நாள் பூராவும் கரண்டை நிறுத்திய அன்றைக்கு, மத்தியானத்துக்குள் அது படுத்துவிட்டது. இரண்டு வருஷத்தில் ஒரேயடியாகச் செத்தும் போனது. இனி வெயிலையே பிடித்து வைத்தால்தான் ஆயிற்று என்ற முடிவுக்கு அப்படித்தான் வந்தார்.

சோலார் கம்பெனி பாரூக் வந்து மாடியை அளந்துவிட்டு இரண்டு வழி சொன்னார். பேனல் மட்டும் போட்டால் அரசாங்க மானியம் போக மீதியை பாங்க் கடனாகக் கொடுக்கும். மாதத் தவணை இப்போது கட்டும் பில்லைவிடக் கம்மி. "ஆனா லைன்ல கரண்ட் போனா இதுவும் நின்னுருமுங்கண்ணா. எவ்வளவு வெயிலடிச்சாலும் சரி" என்றார். நிற்காமல் ஓட வேண்டுமென்றால் பேட்டரி வேண்டும். பேட்டரிக்குக் கடன் கிடையாது, ரொக்கம்தான்.

மகுடேஸ்வரன் யோசிக்கவே இல்லை. பேட்டரியோடேயே போடச் சொன்னார். ரொக்கத்துக்கு பீரோவில் அன்புசெல்வியின் தாலிக்கொடி இருந்தது.

பாரூக் படியிறங்கும்வரை தேஜஸ்ரீ காத்திருந்தாள். பிறகு, பேட்டரி வேண்டாம், பாங்க் கடனே போதும் என்றாள். தன் கல்யாணத்துக்கு வைத்த நகை என்று பிடிவாதம் பிடிக்கிறாள் போல என்று நினைத்தவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கரண்ட் போனால் இந்த வீடு என்ன பாடு படுத்தும் என்று அவளுக்கென்ன தெரியும் என்று கத்திவிட்டார்.

"தெரியுமுங்கப்பா," என்றாள் தேஜஸ்ரீ. "எனக்கும் கேக்குது."

மகுடேஸ்வரன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் தனக்கு மட்டும்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்துகொண்டிருந்தவர் அவர்.

"நீங்க சிலிண்டருக்குப் போனப்ப நான்தானுங்கப்பா அம்மா கையப் புடிச்சுட்டு இருந்தேன். அந்தச் சத்தத்துல, அம்மா கண்ணெடுக்காம என்னையப் பாத்துட்டு இருந்தாங்க. இப்பவும் சத்தம் கேக்கறப்ப பாக்கறாங்க." அவள் காலி மூலையைத் திரும்பிப் பார்த்தாள். "அதையும் நிறுத்திப்புடாதீங்க."

மறுவாரம் மகுடேஸ்வரன் பாங்கில் போய் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டார். பேட்டரி வேண்டாம் என்று சொன்னதும் பாரூக் அவரை ஒரு மாதிரிதான் பார்த்தார்.

பேனல் வந்து மாடியில் ஏறியது. அடுத்த பராமரிப்பு நாளன்று தேஜஸ்ரீ தான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டாள். மாடியில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. காலையிலேயே கரண்ட் போய், வீட்டில் ஃபேன் ஓய்ந்தது. பழக்கதோஷத்தில் மகுடேஸ்வரன் செருப்பை மாட்டிக்கொண்டார். மகளோ அந்தக் காலி மூலையைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்து, அவருக்கும் இடம் விட்டு நகர்ந்துகொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

பீப், பீப் என்று ஆரம்பித்தது. எழுந்து ஓடிவிடாமல் இருக்க மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே கேட்டார்.

"உன்னையப் பாக்கறாளா கண்ணு?"

"இல்லீங்கப்பா," என்றாள் தேஜஸ்ரீ. "இன்னைக்கு உங்களத்தான் பாக்கறாங்க."

தலையைத் தூக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் தூக்கினார்.