பலாமரக் குருசு

மலையாற்றூர் அடிவாரத்தில் தண்ணீர் பாட்டில் எடுக்க டிக்கியைத் திறந்த என் கணவர் தேவஸ்ஸிச் சேட்டன், பாய்க்கு அடியிலிருந்த பலாமரக் குருசைப் பார்த்துவிட்டார். அதிரப்பள்ளி அருவிக்குப் போகிறோம், வழியில் இந்த மலைத் தேவாலயத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாம் என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

“எடீ ஏலிக்குட்டி, இது எதுக்கு? அருவியில மிதக்க விடவா?”

“நீங்க சுமந்துக்கிட்டு மலை ஏறுறதா நேர்ந்திருக்கேன்.”

“நேர்ந்தது நீ, தோள் என்னுதா? முத்தப்பன்கிட்ட என் சம்மதத்தையும் நீயே சொல்லிட்டியா?”

என் மார்பில் ஒரு கட்டி இருந்தது. மூன்று வாரம் காத்திருந்து, பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. சேட்டனுக்கு அன்றுவரை எதுவும் தெரியாது. அந்த நாட்களில் பயத்தை எங்கே இறக்கி வைப்பது என்று புரியாமல், மலைமேல் இருக்கும் முத்தப்பனிடம், புனித தோமாவிடம், சேட்டன் தோளைக் காட்டிவிட்டேன். இப்போது ஏன் என்று கேட்டால் சொல்லியாக வேண்டும். பக்கத்தில் படுத்திருந்தவரிடம் மறைத்ததையும் சேர்த்து.

அவர் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றினார். குருசைத் தூக்கித் தோளில் வைத்தார்.

ஞாயிறு பிரசங்கம் தொடங்கியதும் தேவாலயத்துக்கு வெளியே நழுவுகிற மனிதர். நோன்புக்கால வெயிலில் பாறை சுட்டது. சிலுவைப் பாதையின் நான்காம் நிலையிலேயே சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. பின்னால் வந்த, வெள்ளைச் சட்டையும் முண்டும் உடுத்த அம்மா ஒருத்தி விடவில்லை.

“என்ன மோனே, வாயில கொழுக்கட்டையா? முத்தப்பனைக் கூப்பிட்டு ஏறு. சும்மா ஏறினா கனக்கத்தான் செய்யும்!”

“பொன்குருசு முத்தப்போ, பொன்மலை ஏற்றமே!”

அது அவர் குரல். இருபத்திரண்டு வருடத்தில் நான் கேட்டிராத குரல். மேலே இருந்தவர்கள் பதில் குரல் கொடுத்தார்கள். உச்சியில் நூற்றுக்கணக்கான குருசுகளோடு எங்களுடையதையும் சாய்த்து வைத்தபோது, அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் முத்தப்பனுக்கு நன்றி சொல்லக்கூட மறந்துபோனேன்.

பிற்பகல் அதிரப்பள்ளிக்குப் போய் அருவியடிக்கு இறங்கினோம். கோடையில் மெலிந்து மூன்று இழைகளாகத்தான் விழுந்தது. ஆனாலும் அத்தனை உயரத்திலிருந்து தன்னை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தது. சாரல் முகத்தில் பட்டபோது எனக்குள் ஏதோ தளர்ந்தது. இரைச்சலில் அவர் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

எதற்கும் கேலி வைத்திருப்பவர், இதற்கு ஒரு கேள்விதான் கேட்டார்.

“எந்தப் பக்கம்?”

“இடது.”

என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர், முழங்கை என்மேல் படாமல் மெல்ல இழுத்துக்கொண்டார்.

“வலியெல்லாம் இல்ல, சேட்டா.”

“எடீ, இனிமே முதல்ல எங்கிட்ட சொல்லு. அப்புறம் போய் முத்தப்பன்கிட்ட சொல்லு.”

“அவரு கோவிச்சுக்கமாட்டாரா?”

“நான் ஒருத்தன் கோவிச்சது போதாதா?”

துண்டை அருவித் தண்ணீரில் நனைத்து, சிவந்து தடித்திருந்த அவர் தோளில் வைத்தேன். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.