காப்புக் கட்டிய குரல்

ஒடெல்லா என்ற அமெரிக்க சோல் இசைப் பாடகியின் குரல், சிக்காகோ மேடையொன்றில் பாட்டின் நடுவிலேயே அவரை விட்டுக் கிளம்பி, இலங்கை மலையகத்தில் டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வீரய்யாவின் தப்பு மேளத்துக்குள் குடியேறியது. அன்றும் வழக்கம்போல மழை பெய்தது, கொழுந்தும் நிறுக்கப்பட்டது.

மெம்பிஸ் நகரத்துச் சின்னத் தேவாலயத்தில் பாடத் தொடங்கி, லாண்டரியில் துணி தேய்த்துக்கொண்டே பாடி, நாற்பது வயதுக்கு மேல்தான் ஒடெல்லாவுக்குப் பெயர் கிடைத்தது. குரலோடு அந்தப் பெயரும் பிழைப்பும் போயின. வைத்தியர்கள் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். அவர் மறுபடி லாண்டரிக்கே போனார்.

இங்கே தோட்டத்தில் மாசி மாதக் காமன் கூத்துக்காக வீரய்யா தப்பைத் தீயில் காய்ச்சி ஓங்கி அடித்தபோது, உள்ளிருந்து ஒரு பெண் இங்கிலீஷில் அழுது பாடினாள். எரிந்துபோன காமனுக்காக ரதி அழும் கட்டம் அது. பாஷை புரியாவிட்டாலும் வரிசை வீடுகளான லயத்து ஜனம் முழுக்கச் சேர்ந்து அழுதது. ரதி வேஷம் கட்டியவன் மரியாதையாக வாயை மூடிக்கொண்டான். கூத்தில் ஆடுகிறவர்களுக்குக் காப்புக் கட்டுவார்கள்; அதை அவிழ்க்கும்வரை அவர்கள் ஊரைவிட்டுப் போகக்கூடாது. வந்த விருந்தாளிக்குக் குறை வைக்கலாமா என்று தப்புக்கும் ஒரு மஞ்சள் கயிறு கட்டினார்கள்.

அப்புறம் மாசிதோறும் அந்தப் பாட்டைக் கேட்க அட்டன் டவுனிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். தோட்டத்துக்குத் தலைகால் புரியாத பெருமை. வீரய்யாவின் மகள் பிரியந்தினி போனில் எடுத்துப் போட்ட வீடியோவை, லாண்டரியில் யாரோ ஒடெல்லாவிடம் காட்டினார்கள். சொந்தக் குரல் யாருக்குத்தான் தெரியாது? அடுத்த மாசியில் அவரே வந்து இறங்கினார். தப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சத்தமே வராமல் அழுதார். பார்க்கச் சகிக்கவில்லை.

அவர் போனில் எழுதிக் காட்டியதைப் பிரியந்தினி படித்தாள். "என் குரல் ஏன் என்கிட்ட திரும்பி வரலைன்னு கேக்குறாங்கப்பா."

வீரய்யா தப்பைத் திருப்பிப் பார்த்தார். கயிறு அப்படியே இருந்தது. "ஐயோ! ஆளுங்களுக்கெல்லாம் அவுத்தோம், இதுக்கு அவுக்கவே இல்லையே. காப்போட அது எப்படிங்க போகும்?"

அவிழ்த்தால் அது வெறும் மேளமாகிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். சிலர் முணுமுணுத்தார்கள். காமன் உயிர்த்தெழும் மூன்றாம் நாள், வீரய்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார். ஒடெல்லா இருமினார். பிறகு பாடினார். எதிர்மலை லயத்துக்காரர்கள்கூட வெளியே வந்து நின்று கேட்டார்கள்.

இப்போது அவர் மறுபடி ஊர் ஊராகப் பாடுகிறார். மாசி பிறந்தால் மட்டும் குரல் தானாகவே தோட்டத்துக்கு வந்துவிடுகிறது. அந்த நாட்களில் ஒடெல்லா கச்சேரி ஒப்புக்கொள்வதில்லை. கடையில் சைகை காட்டிச் சாமான் வாங்கிக்கொள்கிறார். கூத்து முடிந்ததும், மற்ற எல்லோருக்கும் முன்னால் தப்பின் காப்பைத்தான் வீரய்யா அவிழ்க்கிறார்.

"பாவம்," என்கிறார், "தூரம் போகணும்ல."