எதிர்ப்பு சக்தி யாருக்கு

தட்டைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தேன். கிருமி வளர்க்கும் தட்டில் பன்னிரண்டு மருந்து வில்லைகள் வைத்திருந்தேன். மருந்து வேலை செய்தால், வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வெறும் வட்டம் விழும். ஒரு வட்டம்கூட விழவில்லை. வில்லைகளின் ஓரத்தை ஒட்டி ஒட்டி, சொந்த வீடு மாதிரி வளர்ந்து கிடந்தது சனியன். இப்படிப்பட்ட தட்டுகளை ஆய்வகத்தில் பார்த்துச் சலித்தவள்தான் நான். ஆனால் இது அக்காவின் ரத்தத்தில் வளர்ந்தது.

சிறுநீரகக் கல்லை எடுக்க எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவள். மூன்றாம் நாளே கிருமி ரத்தத்தில் ஏறி, தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து அத்தான் போன் செய்தார். "எதிர்ப்பு சக்தி ரொம்ப ஜாஸ்தியா இருக்கு அத்தான்" என்று மட்டும் சொன்னேன். டாக்டர் கூப்பிட்டார், வைத்துவிட்டேன். எங்கள் பேச்சில் அது கிருமியின் சக்தி. மருந்துக்கு அடங்காத சக்தி. வெளியே யாரும் அப்படிப் பேசுவதில்லை என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

டாக்டர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு மருந்து இருக்கு. தனியா அதைக் கொல்லாது. கிருமியோட மேல்தோலைக் கொஞ்சம் கிழிச்சு விடும். மிச்சத்தை உங்க அக்கா ரத்தம்தான் பாத்துக்கணும். வெள்ளையணு எவ்வளவு?"

"நேத்து ஒன்பதாயிரம். இன்னிக்கு ரெண்டாயிரத்து நூறு."

நாலாயிரமாவது இருக்க வேண்டும். அவர் உடனே அந்த மருந்துக்குச் சீட்டு எழுதினார். அந்த அவசரம்தான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

நுண்ணோக்கியில் அக்காவின் ரத்தத்தை வைத்தேன். வெள்ளையணுக்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ஒன்று மட்டும் இரண்டு கிருமிகளை விழுங்கியிருந்தது. "முழுங்கு, இன்னும் முழுங்கு" என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும்.

மாடியில் அக்கா இருந்த பிரிவுக்குப் போனால் அத்தான் வாயெல்லாம் பல்லாக நிற்கிறார். அக்காவுக்கு எதிர்ப்பு சக்தி ஜாஸ்தியாம் என்று சித்திக்குச் சொல்லியாயிற்று, பிள்ளைகளுக்குச் சொல்லியாயிற்று. கோபம் தலைக்கேறியது, அவர் மேலா என் மேலா என்று தெரியவில்லை. ஓரமாக இழுத்துப் போனேன்.

"அது கிருமிக்கு, அத்தான். அக்காவுக்கு இல்ல."

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அவகிட்டயும் சொல்லிட்டேனே."

உள்ளே போனேன். அக்காவின் உதடு வறண்டு வெடித்திருந்தது. மூச்சு வாங்க வாங்கப் பேசினாள்.

"எதிர்ப்பு சக்தி ஜாஸ்தின்னாரு உங்க அத்தான். யாருக்குன்னு கேட்டேன், முழிக்கிறாரு. எனக்கா, அதுக்கா?"

அச்சகத்தில் இருபது வருடமாகப் பிழை திருத்துகிறவள். அவளிடம் போய் 'யாருக்கு' என்பது விடுபட்ட வாக்கியத்தை அனுப்பியிருக்கிறேன்.

"ரெண்டு பேருக்கும் இருக்கு" என்றேன்.

"யாருக்கு ஜாஸ்தி?"

"காலைல ரத்தம் எடுத்து எண்ணிட்டுச் சொல்றேன்க்கா."

"காலை வரைக்கும் எதுக்குடி?" போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டினாள். "இப்பவே எடு."

ஊசியைப் பிரித்தேன். இரண்டு தடவை குத்தியும் நரம்பு தட்டுப்படவே இல்லை. அவளே மறு கையால் என் மணிக்கட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.