கடைசிப் புரூஃப்

அன்று அந்த அறையில் ஏழு பேர் இருந்தோம். நான், என் மனைவி, என் தம்பி, தம்பியின் மகள். அவளை வீட்டில் வாண்டு என்போம். இருபத்தாறு வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை. எங்கள் அச்சகத்தின் தலைமை மிஷின்காரர், மரச்சாமான் கடை முதலாளி, அவருடைய அம்மா. இவ்வளவுதான். தாங்களும் அங்கே இருந்ததாக இன்று எத்தனையோ பேர் கண், காது, மூக்கு வைத்துச் சொல்லித் திரிகிறார்கள். அந்த அறையில் எட்டாவது நாற்காலியே கிடையாது. எங்கள் குடும்பத்தைப் பற்றி யார் பேசினாலும் சரியாகப் பேச வேண்டும் என்பதால் எண்ணிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அச்சகத்தின் அடையாளம், சக்கரத்தின்மேல் ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு சேவல். அப்பா தன் கையால் வரைந்தது. மருந்துப் பெட்டியோ, கேக் டப்பாவோ, பள்ளி நோட்டின் அட்டையோ, எங்களிடமிருந்து எது வெளியே போனாலும் வலது கீழ் மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு அந்தச் சேவல் இருக்கும். அது வேண்டாம் என்ற வாடிக்கையாளர்கள் இரண்டு பேரை மரியாதையாக வாசல்வரை கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.

வாண்டு அந்தப் புது வித்தையைக் கொண்டுவந்தபோது நான் மறுக்கவில்லை. புதியது என்றால் முகம் சுளிக்கிற ஆள் நான் அல்ல. இந்த வட்டாரத்தில் ஐந்து வண்ண மிஷினை முதலில் இறக்கியவர்கள் நாங்கள். அச்சடித்த படத்தின்மேல் போனைக் காட்டினால், போன் அதை அடையாளம் கண்டுகொண்டு, தாளின் மேலேயே பொருள் எழுந்து நிற்பதுபோல் காட்டும். சோபா படம் என்றால் சோபா நிற்கும். அதை அப்படியே உங்கள் கூடத்தில் இறக்கிச் சுற்றிவந்து பார்க்கலாம். சுவரில் இடிக்குமா, கதவு முழுதாகத் திறக்குமா, எல்லாம் வாங்குமுன்பே தெரிந்துவிடும். மிஷினுடன் வரும் கையேட்டில் காட்டினால், எந்தத் திருகை முதலில் கழற்ற வேண்டும் என்று அம்புக்குறி வந்து நிற்கும். மருந்துப் பெட்டியில் காட்டினால், ஊசியை எப்படிப் போட்டுக்கொள்வது என்று ஒருவர் செய்துகாட்டுவார். இதற்கு ஏ.ஆர். என்று பெயர் என்றாள். மரச்சாமான் கடையின் கேட்டலாக்தான் முதல் வேலை.

"எல்லாம் சரி. நம்ம சேவல் என்ன பண்ணும்?" என்றேன்.

"அது எப்பவும்போல மூலையில நிக்கும் பெரியப்பா."

"அடுத்தவன் சோபா எழுந்து நிக்கும், நம்ம சேவல் மூலையில சும்மா நிக்குமா?"

கேட்டலாக்கின் முன்னட்டையில் சேவலின்மேல் போனைக் காட்டியதும் அச்சகத்தின் சார்பில் நான் நின்று நாலு வார்த்தை பேச வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவள் தலையைச் சொறிந்தாள்.

"இறகும் நகமுமா நெறைய கோடு இருக்கு, போன் டக்குனு புடிச்சுக்கும். ஆனா சேவல்ல வச்சா அது எல்லாத்துலயும் வருமே பெரியப்பா. நாம அடிச்ச எந்த டப்பால காட்டினாலும் நீங்கதான் வந்து நிப்பீங்க."

"நிக்கட்டும்" என்றேன்.

இங்கே என் மகனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆறு வருடங்களுக்கு முன் இதே அறையில், மூன்று வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருக்கும்போது, "இந்தச் சேவலத் தூக்கிட்டு வாழ்நாள் பூரா அலைய என்னால முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனவன் அவன். போனதுகூடப் பெரிதில்லை. வெளி ஆட்கள் முன்னால் சொன்னான். அன்றே சொல்லிவிட்டேன், இனி இந்த வீட்டில் அவன் பேச்சும் கிடையாது, அவனோடு பேச்சும் கிடையாது என்று. எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். என் மனைவியும் கேட்டுக்கொண்டாள். அவள் போனிலிருந்து அவன் எண்ணை நானே அழித்து, அவன் கூப்பிட்டாலும் அடிக்காதபடி தடுத்து வைத்தேன். போனை அவளே நீட்டினாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை நாலு மணிக்கு அவன் என்னைக் கூப்பிட்டான். எடுத்துவிட்டேன். அதன்பின் ஒவ்வொரு புதன்கிழமையும் நாலு மணிக்கு என் அறைக் கதவு சாத்தியிருக்கும். என் இரண்டு காதும் கொஞ்சம் மந்தம்; ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச முடியும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்ன சொல்லை மாற்றிக்கொண்டவர் என்ற பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. அதை நான் தொடங்கிவைக்க விரும்பவில்லை.

வாண்டு என்னைப் படம்பிடித்ததும் ஒரு புதன்கிழமைதான். என் அறையில் பச்சைத் துணி கட்டி, முன்னால் ஒரு கம்பியில் தன் போனை நிறுத்தினாள். பின்னணியை நீக்கிவிட்டு என் உருவத்தை மட்டும் எடுத்துக்கொள்ள அந்தத் துணி. எட்டு முறை பேசினேன். எட்டும் சரியில்லை. ஒன்பதாவது முறை நன்றாக வந்தது. அதற்குள் கீழேயிருந்து தம்பி, அச்சுப் பிளேட்டில் கீறல் விழுந்திருக்கிறது என்று கத்தினான். வாண்டு ஓடினாள். கம்பியில் போன் அப்படியே நின்றது. அதன் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்திருக்கும். நான் கவனிக்கவில்லை. மணி நாலு ஆகியிருந்தது.

எங்கள் அச்சகத்தில் ஒரு விதி உண்டு. திருத்தத் திருத்த எத்தனை புரூஃப் வந்தாலும் கடைசியில் வந்ததுதான் அச்சுக்குப் போக வேண்டும். வாண்டு ஒன்பதில் கடைசியை எடுத்தாள். கையெழுத்துக்கு என்னிடம் கொண்டுவந்தாள். முதல் அரை நிமிடம் பார்த்தேன். என் முகத்தை நானே பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது.

"முழுசாப் பாத்துடுங்க பெரியப்பா. நானும் ஆரம்பம் மட்டுந்தான் பாத்தேன்."

"நான் பேசினது எனக்குத் தெரியாதா?" என்று கையெழுத்துப் போட்டேன்.

இனி அந்த ஏழு பேர் இருந்த வியாழக்கிழமை. பகல் பதினொரு மணி. கேட்டலாக் கட்டுக்கட்டாகத் தயாராகி, மறுநாள் கடைக்குப் போக வேண்டியது. மேஜைமேல் ஒன்று விரித்திருந்தது. மாடியிலிருந்து என் மனைவி டீ கொண்டுவந்தாள். வீடு மேல்மாடியில், என் அறை அதற்குக் கீழே, மிஷின்கள் தரைத்தளத்தில். கடை முதலாளியின் அம்மா, யாரும் கொடுக்காமலே வாண்டின் போனை எடுத்து, அட்டையின் மூலைக்கு நேராகப் பிடித்தார்.

சேவலின்மேல் நான் எழுந்து நின்றேன். ஒரு சாண் உயரம். வெள்ளைச் சட்டை, நேர் முதுகு.

"அடேயப்பா! இத்தனூண்டு ஆனாலும் அந்த வெறப்பு போகலையே" என்றார் அந்த அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். மிஷின்காரர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். மேஜைமேல் நின்ற சிறியவன் தடுமாறாமல் பேசி, "நன்றி, வணக்கம்" என்று முடித்தான். தம்பி கைதட்டினான். கடை முதலாளி, "அடுத்து என் சோபாவக் காட்டுங்க" என்று பக்கத்தைத் திருப்பப் போனார்.

அப்போது அந்தச் சிறியவனின் சட்டைப் பையில் போன் அடித்தது.

அவன் எடுத்தான். "ம். சொல்லு."

"சாப்டீங்களாப்பா?"

அறையில் என் மகனின் குரல். டீத் தட்டோடு நின்ற என் மனைவி மேஜைக்கு அருகே வந்தாள்.

"ஆச்சு. நீ?"

"இனிமேதான். அம்மாவுக்கு முட்டி எப்படி இருக்கு?"

"மாடிப்படிய நின்னு நின்னு ஏறுறா. டாக்டர்கிட்ட வான்னா வர மாட்டேங்கறா."

"ஒரே ஒரு தடவ அம்மாகிட்ட குடுங்கப்பா."

"அவ இல்ல. உன் அத்தை வீட்டுக்குப் போயிருக்கா."

"போன வாரமும் அத்தை வீடுன்னீங்க."

சிறியவன் நடக்கத் தொடங்கினான். பச்சைத் துணியின் ஓரத்தைத் தாண்டும்போதெல்லாம் அவன் உடம்பில் பாதி காணாமல் போயிற்று. திரும்பி வரும்போது வந்தது. போனைப் பிடுங்க நான் கையை நீட்டினேன். அந்த அம்மா தோளைத் திருப்பிக்கொண்டார். படத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அதன் பின்னால் இன்னொரு குரல், என் மனைவியின் குரல்: "என்னங்க, டீ ஆறுது. கதவத் திறங்க."

"அப்பா... அது அம்மாதானே?" என்றான் மகன்.

"வை, வை" என்றான் சிறியவன். ஒரு கையும் ஒரு செருப்பும் மட்டும் அட்டையின் விளிம்பில் கொஞ்ச நேரம் தெரிந்தன. பிறகு அதுவும் இல்லை.

தம்பி கூரையைப் பார்த்தான். மிஷின்காரர் தன் விரல்களில் ஒட்டியிருந்த மையைச் சுரண்டினார். வாண்டின் முகம் வெளிறிவிட்டது.

"பெரியப்பா, ஒரே நிமிஷம். அச்சடிச்சத எதுவும் பண்ண வேண்டாம், வீடியோவ மட்டும் தூக்கிட்டா போதும்."

"தூக்கு" என்றேன்.

"தூக்காத" என்றாள் என் மனைவி.

கல்யாணமான முப்பத்தெட்டு வருடங்களில் அச்சக அறையில் அவள் போட்ட முதல் உத்தரவு அது. தட்டை மேஜைமேல் வைத்தாள். "இன்னொரு தடவ போடு."

கடை முதலாளியின் அம்மா எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். "ஒக்காருமா. நின்னுக்கிட்டுப் பாக்குற விஷயமா இது?" என்று போனையும் அவள் கையில் வைத்தார். அவள் பார்த்தாள். முழுதாக, முதலிலிருந்து. ஒரு முறை அல்ல, இரண்டு முறை. ஆறு பேர் நின்றுகொண்டிருந்தோம். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் என் பக்கம் கையை நீட்டினாள்.

"அந்த நம்பரக் குடுங்க."

கொடுத்தேன். தன் போனில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்று, "ரெண்டு வருஷமா நான் உங்க தங்கச்சி வீட்லயே குடியிருந்திருக்கேன்போல. எனக்குத்தான் தெரியல" என்றாள். படியில் நின்று நின்று அவள் ஏறுவது கேட்டது.

கடை முதலாளி கேட்டலாக்கை அனுப்பச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு பக்கத்துப் படத்தின்மேலும் சோபாவும் கட்டிலும் சரியாக எழுந்து நிற்கின்றனவா என்று வாண்டு அன்று மாலைக்குள் பார்த்துவிட்டாள். சேவல் மட்டும் அப்படியே இருந்தது. மறுநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன், எடுத்துவிடு என்று.

"பெரியம்மா சொன்னா எடுத்துடறேன்."

"இந்த அச்சகம் யாரோடது?"

"உங்களோடதுதான். ஆனா கையெழுத்து விழுந்த புரூஃபத் தொடக் கூடாதுன்னு நீங்கதான பெரியப்பா சொல்லியிருக்கீங்க" என்றாள். குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வெளியே நடக்கப் போனேன். மருந்துக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருந்த பெட்டிகளில் நாற்பது சேவல். பேருந்தில் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் மடியில் கேக் டப்பா, அதில் ஒன்று. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் கைகளில் எத்தனையோ. நாற்பத்தெட்டு வருடமாக எதைப் பார்த்துப் பெருமைப்பட்டேனோ அதைக் கண்டு தெருவின் மறுபக்கத்துக்கு மாறினேன். யாராவது போனைக் கையில் எடுத்தாலே என் நடை வேகமாயிற்று. ஒவ்வொரு மூலையிலும் ஒரு சாண் உயரத்தில் நான் நின்று, அவள் இல்லை, அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் போன் செய்து, "பாத்தோம்ணே. பையன் குரல் மாறவே இல்ல" என்றான். தவறான எண் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை நாலு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். போன் அடிக்கவில்லை. நாலே கால். நாலரை. டீயும் வரவில்லை. மேலே போனேன். எங்கள் அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவள் பேசிக்கொண்டிருந்தாள், நடுவில் ஒருமுறை சிரித்தாள். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. படிக்கட்டின் கைப்பிடி ஆடுகிறதா என்று பார்ப்பதற்காகக் கொஞ்ச நேரம் நின்றேன். ஆடவில்லை.

என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. அவள் சொல்லவும் இல்லை. சாப்பாடு வேளைக்கு வந்தது, துணி மடித்து வந்தது. மூன்றாவது புதன்கிழமை, என் அறையில் மேஜைக் காலண்டரின் மூலையில் இருந்த சேவலின்மேல் என் போனைக் காட்டினேன். என் முகத்துக்காக அல்ல. வாழ்த்து முடிந்து, போன் அடித்து, "சாப்டீங்களாப்பா?" என்று வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் "ஆச்சு" என்று அந்தச் சிறியவன் முந்திக்கொண்டான்.

அதிலிருந்து பத்து நாள் கழித்துத்தான் அவள் என்னிடம் பேசினாள். கூடத்தில் கேட்டலாக்கைக் கையில் வைத்துக்கொண்டு போனோடு நின்றிருந்தாள். மகனின் மேஜை முன்பு இருந்த ஜன்னலோரத்தில், போனுக்குள் ஒரு சாம்பல் நிறச் சோபா நின்றது. இப்படியும் அப்படியும் நகர்ந்து பார்த்தாள்.

"செவுத்துல இடிக்கல" என்றாள்.

"மூணு பேர் ஒக்கார்ற சோபா எதுக்கு? நாம ரெண்டு பேர்தானே?" என்றேன்.

அவள் விரலால் சோபாவைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினாள். ஜன்னல் முழுதாகத் திறக்கும்படி.

போன சனிக்கிழமை காலை, தாடி வைத்த ஓர் இளைஞன் எங்கள் வீட்டுப் படியேறினான் என்றும், என் மனைவி வாசலிலேயே காத்திருந்தாள் என்றும், நான் அவன் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனேன் என்றும், மகன் திரும்பி வந்துவிட்டான் என்றும் உறவில் ஒரு பேச்சு ஓடுகிறது. அது தவறு. வந்தவர் சோபாவை இறக்க வந்தவர். தோளைப் பிடித்தது, படித் திருப்பத்தில் சோபாவின் கால் சுவரில் இடித்துவிடாமல் இருக்க. என் மகன் வரவில்லை. சோபா ஜன்னலோரம் இருக்கிறது. அதன்மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கூடாது என்று அவள் சொல்லியிருக்கிறாள். நாங்கள் இருவரும் பழைய நாற்காலிகளில்தான் உட்காருகிறோம்.