பழைய மாடலில் கடைசி ஒன்று

கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டில் இன்னொரு நாற்காலி கொள்ளுமா என்று மகள் முழங்காலால் இடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடைக்காரர் கைக்கொன்றாக இரண்டு மெஷின் ரம்பங்களைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குள் நுழைந்தார். வாசலில் கிடந்த செருப்புக் கூட்டத்தைப் பார்த்து, வீட்டில் யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்துவிட்டார், பாவம். எல்லோரையும் பார்த்து ஒரு சுற்றுச் சிரித்தும் வைத்தார்.

"எங்க நம்ம ஆளு? பத்து மணிக்கு ரெண்டையும் கொண்டா, இன்னைக்கு முடிவு சொல்லிடறேன்னாரே. இன்னைக்கும் 'பாத்துச் சொல்றேன்'னு இழுத்தாருன்னா…"

பெட்டிக்குள் இருந்த முகம் கண்ணில் பட்டதும் வாயை மூடினார். மெஷின்களைக் கீழே வைத்துவிட்டு அழுவதா, பிடித்துக்கொண்டே அழுவதா என்று அவருக்குப் புரியவில்லை. பிடித்துக்கொண்டே அழுதார். இரண்டும் சேர்ந்தால் பதினைந்து கிலோ இருக்கும். மகள்தான் போய் ஒவ்வொன்றாக வாங்கிச் சுவரோரம் வைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு வந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

மரம் வெட்டுகிறவர்கள் நடுவில் அப்பாவுக்கு 'பாத்துச்சொல்றேன்' என்றே பட்டப்பெயர். மரமென்றால் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எந்தப் பக்கம் சாயும் என்று அடித்துச் சொல்லிவிடுவார். மெஷினை டியூன் பண்ணுவதிலும் அவர் காதை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் பலர் தங்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மற்ற எதுவானாலும் ஜவ்வாக இழுப்பார். வீட்டு மெஷின் பிஸ்டன் இறுகி மண்டையைப் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. வேலை இரவல் மெஷினில் ஓடியது. அவரோ வாரத்துக்கு இரண்டு தடவை கடைக்குப் போய், பழைய மாடலையும் புது மாடலையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். நேற்று மதியம் சாப்பிட்டு முடித்து, "நாளைக்குச் சொல்லிடறேன்" என்று நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். அவ்வளவுதான்.

கடைக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "தப்பா நினைக்காதம்மா. இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். ஆனா பழைய மாடல்ல இதுதான் கடைசி. கம்பெனில நிறுத்திட்டாங்க. பன்னெண்டு மணிக்கு வேற ஒருத்தர் வந்து எடுத்துக்கறேன்னு நிக்கிறார். நீங்க வேணாம்னா…"

வேண்டுமா வேண்டாமா என்று இனி அவள்தான் சொல்லவேண்டும். பத்து வருஷமாக அப்பாவோடு மரமேறுகிறவள். தொழிலில் அவளுக்கு அணில் என்றே பெயர், தெரியாதவர்கள் இல்லை. திங்கட்கிழமை, பள்ளிக்கூடச் சுவர்மேல் சாய்ந்து நிற்கும் மரத்தை இறக்கியாக வேண்டும். எடுக்கிற மெஷின் இன்னும் எத்தனையோ வருஷம் அவள் கையில் இருக்கப்போகிறது. தப்பானதை எடுத்தால் அவஸ்தை அவளுக்குத்தான்.

சித்தப்பா எழுந்தார். அவரும் மரம் வெட்டுகிறவர். "இதுல யோசிக்க என்ன இருக்கு? பழசுதான்னு அண்ணன் என்கிட்டயே சொன்னார். கார்புரேட்டர்ல திருகு இருக்கு. ஸ்க்ரூ டிரைவர் இருந்தா நடுக்காட்டுலகூட நாமளே சரி பண்ணிக்கலாம். புதுசுக்கு ஏதாவதுன்னா கடைக்குத் தூக்கிட்டுப் போய்க் கம்ப்யூட்டர்ல மாட்டணும்."

"என்கிட்ட புதுசுன்னார்," என்றார் வெட்டிய மரங்களை ஏற்றிப்போகும் லாரிக்காரர். "அரைக் கிலோ கம்மி. பெட்ரோல் எவ்வளவு, காத்து எவ்வளவுன்னு அதுவே பாத்துக்கும். யாரும் திருகவும் வேணாம், உத்துக் கேக்கவும் வேணாம்."

"உங்ககிட்ட ஒப்புக்குச் சொல்லியிருப்பார்."

"உங்ககிட்டதான் ஒப்புக்குச் சொன்னார். தம்பி மனசு நோகக் கூடாதுன்னு."

ஆளுக்கொரு பக்கம் நின்று இருவரும் பெட்டிக்கு மேலாகவே மல்லுக்கட்டினார்கள். மூலையிலிருந்து யாரோ 'உஷ்' என்று அதட்டினார்கள். நடுவில் அப்பா பிடிகொடுக்காமல் படுத்திருந்தார். உயிரோடு இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பார்.

அம்மா மட்டும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேற்று மதியத்திலிருந்து அவள் அழவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா போனதைவிட அணிலுக்கு இதுதான் பயமாக இருந்தது.

"என்கிட்ட அவர் பழசுன்னும் சொல்லல, புதுசுன்னும் சொல்லல," என்றார் கடைக்காரர். "ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு, 'சத்தம் எப்படி இருக்கு?'ன்னு என் மூஞ்சியையே பாப்பார். இருபது வருஷமா கடை வச்சிருக்கேன், எனக்கே பரீட்சை வைக்கிறாரேன்னு கடுப்பா இருக்கும்."

"என்கிட்டயும் அப்படித்தான் கேட்டார்," என்றார் லாரிக்காரர்.

சித்தப்பாவின் சுருதி இறங்கியது. "என்கிட்டயும்."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா ஒரு சட்டம் போட்டிருந்தார். மரத்திலிருந்து கத்தக் கூடாது, எதுவானாலும் கையால் காட்டவேண்டும். பாதுகாப்பு என்றார். அணிலும் அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிவந்தாள். கூப்பிட்டால் திரும்பாததற்கு மட்டும், வீம்பு பிடித்த மனுஷர் என்று சண்டை போட்டிருக்கிறாள். அது வீம்புதானா என்று இப்போது முதல்முறையாகச் சந்தேகம் தட்டியது.

"ரெண்டையும் ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடலாம்," என்றாள்.

"சாவு வீட்டுலயா?" சித்தப்பா பதறினார்.

"ரெண்டு மணிக்கு வண்டி வந்துடும் சித்தப்பா. அப்புறம் எப்பப் பாக்கிறது?"

வந்தவர்களில் பாதிப் பேர் டீயும் கையுமாகப் பின்கட்டுக்கு வந்துவிட்டார்கள். புது மெஷின் இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. நொடியில் தானாகச் சீரானது. கையை உறுத்தவில்லை, அதிரவில்லை. அணிலுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது, எடுக்கவேண்டியது இதைத்தான். லாரிக்காரர் சித்தப்பாவைப் பார்த்துச் செருமினார்.

பழைய மாடல் ஐந்து இழுப்புக்கு அசையவில்லை. ஆறாவதில் புகையைக் கக்கி, டீ குடித்துக்கொண்டிருந்தவர்களைக் கலைத்தது. முழு வேகத்தில் கீச்சிட்டது. அணில் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு திருகு திருகிவிட்டு வேகத்தைக் குறைத்தாள்.

"சத்தம் இன்னும் மெலிஞ்சுதான் இருக்கு. கொஞ்சம் தடிக்க வை."

பின்கதவில் அம்மா நின்றிருந்தாள்.

"முழு வேகத்துல வச்சா, தொண்டை கட்டின மாதிரி லேசா கரகரன்னு வரணும். அப்பத்தான் சரி."

அணில் மெஷினை நிறுத்தினாள். "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"ரெண்டு வருஷமா நான்தானே பாத்துக்கிட்டேன். உங்கப்பாவுக்குக் காது போயிடுச்சு. காலமெல்லாம் இந்தச் சத்தத்தைக் கேட்டா மிஞ்சுமா? வெளிய மூச்சு விடக் கூடாதுன்னுட்டார். காலைல இந்தப் படியில உக்காந்து பீன்ஸ் நறுக்குவேன். அவர் திருகிக்கிட்டே என்னைப் பாப்பார். சரியா வந்ததும் கத்தியத் தூக்கிக் காட்டுவேன்."

இரண்டு வருஷமாக வாரம் ஏழு நாளும் ஏன் பீன்ஸ் என்பது அணிலுக்கு அப்போதுதான் விளங்கியது.

"அப்ப, போன மாசம் என் மெஷின்?" என்றார் சித்தப்பா.

"அதுவும் நான்தான். படுத்தி எடுத்துடுச்சு. ஒரு கிலோ பீன்ஸ் காலி."

யாரோ சிரித்துவிட்டார்கள். லாரிக்காரர் விடவில்லை. "அப்ப புதுசை வாங்கியிருக்கலாமே அக்கா? அது தானாவே சரி பண்ணிக்குமே."

"நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். புதுசையே வாங்கித் தொலைங்கன்னேன். சரி சரின்னு தலையாட்டிட்டுக் கடைக்குப் போவார். திரும்பி வந்து, 'அப்புறம் காலைல நீ எங்க உக்காருவே?'ம்பார்."

சொல்லி முடித்ததும் அம்மா வாய்விட்டு அழுதாள். நேற்றிலிருந்து தேங்கிக் கிடந்தது அத்தனையும் கொட்டியது. எல்லோரும் அவரவர் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைக்காரர் இரண்டாம் முறையாக அழுதார். இந்தத் தடவை கை காலியாக இருந்ததால் நன்றாகவே அழுதார்.

பிறகு மணியைப் பார்த்தார். "அணிலு, பன்னெண்டாகப் போகுதும்மா."

அணில் புது மெஷினை ஒருமுறை பார்த்தாள். எவ்வளவு நல்ல மெஷின்! அதற்கு யார் தயவும் வேண்டாம். குனிந்து பழையதன் கயிற்றை இழுத்தாள். முழு வேகத்தில் பிடித்துக்கொண்டு திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். அம்மா சொன்ன கரகரப்பு வந்துவிட்டது. இம்மி பிசகாமல் வந்துவிட்டது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் காதில் ஒரு குறையும் இல்லை.

பிறகு திருகை எதிர்ப்பக்கமாகக் கால் சுற்று திருப்பினாள். மெஷின் மறுபடி கீச்சிட்டது. திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கெடுத்துவிட்டாயே என்று முகத்தைச் சுளித்தாள். பின்னால் திருப்பு என்று கையைச் சுழற்றிக் காட்டியபடியே படியில் உட்கார்ந்தாள். கடைக்காரர் புதியதைத் தூக்கிக்கொண்டு தன் வேனை நோக்கி நடந்தார். அணில் அம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் திருகைப் பின்னால் கொண்டுவந்தாள். அம்மா தலையை ஒருபக்கமாகச் சாய்த்து உன்னிப்பாகக் கேட்டாள். பிறகு வெறுங்கையை மேலே தூக்கினாள்.